கடைசி அடி எத்தனை டிகிரியில் விழுந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபோர்ஜிங், அதாவது எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் தொழில் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். சிறு பட்டறைகளின் மின்கட்டணச் சுமையையும் ஆள் பற்றாக்குறையையும் எழுதியது சரிதான். ஆனால் 'எஃகை எவ்வளவு சூடாக்கி அடிக்கிறோமோ அவ்வளவு இறுகும்' என்ற வரி இரண்டு இடங்களில் வருகிறது. இந்த எண்ணத்தை நம்பி ஆர்டர் போடுகிறவர்களும், அடிக்கிறவர்களும் நிறையப் பேர் இருப்பதால் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அடிப்பதால் எஃகு இறுகுவதில்லை. அடிக்கும் முன்பும் பின்பும் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம்தான். வார்ப்பில் மிஞ்சிய நுண்துளைகள் அடைபடும். அதற்கும் குறுக்குவெட்டுப் பரப்பு மூன்றில் ஒரு பங்காகவாவது குறையும்படி அடிக்க வேண்டும். உண்மையில் மாறுவது உள்ளமைப்பு. எஃகு என்பது ஒரே பாளம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான படிகங்களின் சேர்க்கை. பட்டறையில் இவற்றைக் கிரெய்ன் என்கிறோம். கிரெய்ன் சிறிதானால் எஃகு உறுதியும் பெறும், உடையாமல் தாங்கவும் செய்யும். மற்ற எந்த வழியில் உறுதியைக் கூட்டினாலும் தாங்குதிறனில் கொஞ்சம் இழக்க வேண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துத் தருவது இந்த ஒரு வழிதான். 1951-ல் ஹால், 1953-ல் பெட்ச் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் காட்டிய உறவின்படி, மென்எஃகில் ஃபெரைட் (கார்பன் மிகக் குறைந்த, மென்மையான இரும்புப் படிகம்) கிரெய்ன் 20 மைக்ரானிலிருந்து (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 5 மைக்ரானுக்கு இறங்கினால் இழுவிசையில் வளையத் தொடங்கும் அளவு சுமார் 120 மெகாபாஸ்கல் கூடும். ஒரு பைசாவுக்கும் கலப்பு உலோகம் சேர்க்காமல் கிடைக்கும் லாபம் இது.

நம் ஊர் ஃபோர்ஜிங் ஷாப்புகளில் அதிகம் புழங்கும் இஎன்-8 என்ற எஃகு ரகத்தையே எடுத்துக்கொள்வோம், கார்பன் 0.4 சதவீதம் அளவில் இருக்கும். சுமார் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இது முழுக்க ஆஸ்டெனைட் என்ற சூட்டுநிலைப் படிக அமைப்பாக மாறிவிடும். அதன்பின் சூடு ஏற ஏற ஆஸ்டெனைட் கிரெய்ன்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகும். எஃகு ஆலையில் அலுமினியம் போட்டு ஆக்சிஜனை நீக்கிய எஃகில், அலுமினியம் நைட்ரைடு என்ற நுண்துகள்கள் கிரெய்ன் எல்லைகளைப் பிடித்து நிறுத்தும். ஆனால் 1050 முதல் 1100 டிகிரிக்குள் அவை பெரும்பாலும் கரைந்துவிடும். பிறகு தடுக்க ஆளில்லை. பில்லட் (அடிப்பதற்காகக் காய்ச்சும் எஃகுத் துண்டு) 1250 டிகிரியில் உலையை விட்டு வெளியே வரும்போது கிரெய்ன் 100, 200 மைக்ரான் என்று வளர்ந்திருப்பது சாதாரணம். ஆகவே காய்ச்சல் மட்டும் செய்வது கெடுதல்தான். அடிதான் அதைச் சரி செய்ய வேண்டும்.

அடி விழும்போது என்ன நடக்கிறது? படிக அடுக்குகளில் டிஸ்லொக்கேஷன் என்னும் வரிசைப் பிறழ்வுகள் பல நூறு மடங்கு பெருகுகின்றன. அறை வெப்பத்தில் இவை சிக்கிக்கொண்டு எஃகைக் கெட்டியாக்கும். சூட்டில் அவை நகர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளப் பார்க்கும். ஃபெரைட்டில் இது வெகு எளிதாக நடந்துவிடும். ஆஸ்டெனைட்டில் அவ்வளவு எளிதல்ல. பிறழ்வுகள் சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவைத் தாண்டியதும் பழைய கிரெய்ன் எல்லைகளில் பிறழ்வே இல்லாத புதுக் கிரெய்ன்கள் முளைத்துப் பழையதைத் தின்று வளரும். இதுதான் மறுபடிகமாதல். அடி விழுந்துகொண்டிருக்கும்போதே நடந்தால் ஒரு வகை. அடி நின்றபின், அடுத்த அடிக்கு முன் உள்ள இடைவெளியில் நடந்தால் இன்னொரு வகை. முதலில் சொன்னதற்குப் பெரிய உருமாற்றம் ஒரே மூச்சில் வேண்டும். வேகமாக இறங்கும் ஹேமரில், ஒரு அடிக்குச் சிறு அளவே நசுங்குவதால், பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். பிரஸ்ஸில் ஒரே இறக்கத்தில் பாதி உயரம் போகும்போது முதல் வகை தொடங்கி, பிரஸ் மேலே ஏறிய பிறகும் அப்படியே தொடரும்.

வெப்பம் கூடினால் இது சுலபம், உருமாற்ற வேகம் கூடினால் கடினம் என்ற இரண்டையும் 1944-ல் ஜீனர், ஹாலமன் என்ற ஆய்வாளர்கள் ஒரே எண்ணில் அடக்கினார்கள். அந்த எண் உயர உயர, அதாவது வெப்பம் குறைந்து வேகம் கூடக் கூட, அடியின்போதே பிறக்கும் புதுக் கிரெய்ன் சிறிதாகும். 'எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது' என்பதற்கு நேர் எதிரான முடிவு இது.

காகிதத்தில் கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் செல்லார்ஸ் கார்பன்-மாங்கனீஸ் எஃகுக்குத் தந்த சூத்திரங்கள் இன்றும் உருட்டாலைகளில் முதல் மதிப்பீட்டுக்குப் பயன்படுகின்றன. 100 மைக்ரான் கிரெய்ன் உள்ள துண்டை உயரத்தில் கால்பங்கு குறையும்படி நசுக்குகிறோம் என்று வையுங்கள். 1100 டிகிரியில் பாதி மறுபடிகமாக ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். 900 டிகிரியிலோ ஏறக்குறைய ஏழு விநாடி ஆகும். புதுக் கிரெய்ன் சுமார் 36 மைக்ரான். இதுவரை நல்ல செய்தி.

இப்போது அதே 100 மைக்ரான் துண்டை, உயரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறையும்படி லேசாகத் தட்டுகிறோம். சூத்திரம் தரும் விடை சுமார் 110 மைக்ரான்! அதாவது நுணுக்கமே ஆகவில்லை. சேமிக்கப்பட்ட சக்தி குறைவு. அதனால் முளைக்கும் புதுக் கிரெய்ன்கள் வெகு சில. அந்தச் சிலவும் இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டு பெரிதாகிவிடுகின்றன. 'கடைசியில் ரெண்டு தட்டு தட்டி அளவைச் சரி பண்ணு' என்று சொல்வது எல்லாப் பட்டறையிலும் உண்டு. அந்த இரண்டு தட்டு 1150 டிகிரியில் விழுந்தால், முன்பு அடித்த பெரிய அடிகளின் பலன் போயே போய்விடும்.

அதோடு நிற்பதில்லை. கடைசி அடி நல்ல கனத்த அடியாகவே இருந்தாலும், மறுபடிகமாகி முடிந்த 36 மைக்ரான் கிரெய்ன் 1150 டிகிரியில் சும்மா பத்து விநாடி இருந்தால் 75 மைக்ரானைத் தாண்டி வளர்ந்துவிடும் என்று அதே சூத்திரங்கள் காட்டுகின்றன. அலுமினியமோ நியோபியமோ பிடித்து நிறுத்தாத எஃகுக்கான கணக்கு இது. 950 டிகிரியில் அதே பத்து விநாடியில் வளர்ச்சி கிட்டத்தட்ட இல்லை. ஆகவே துண்டு எத்தனை டிகிரியில் உலையை விட்டு வந்தது என்பதைவிட, கடைசி அடி எத்தனை டிகிரியில் எவ்வளவு கனமாக விழுந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இஎன்-8-க்கு அந்தக் கடைசி அடி 850 முதல் 950 டிகிரிக்குள் விழுவது நல்லது.

பிறகு ஏன் எல்லாரும் அதிக சூட்டிலேயே அடித்து முடிக்கிறார்கள்? காரணம் சோம்பல் அல்ல, டை, அதாவது எஃகுக்கு வடிவம் தரும் அச்சு. 1200 டிகிரியில் நசுக்கத் தேவையான அழுத்தம் 900 டிகிரியில் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடும். டை சீக்கிரம் தேயும், மூலைகளில் விரிசல் விடும்; மெல்லிய விலாப்பகுதிகளில் எஃகு போய் நிரம்பாது; பிரஸ் திணறும். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று பேரம் பேசி வாங்குகிற வாடிக்கையாளர் கிரெய்னுக்குத் தனியாகக் காசு தருவதில்லை. அதனால் பட்டறைக்காரர் டையைக் காப்பாற்றுகிறார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

மறுபக்கம் மிகவும் ஆறவிட்டு அடித்தாலும் வம்புதான். இஎன்-8-ல் 800 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது ஆஸ்டெனைட் கிரெய்ன் எல்லைகளை ஒட்டி மெல்லிய ஃபெரைட் படலம் உருவாகத் தொடங்கும். அடி விழுந்தால் இன்னும் முந்தியே தொடங்கும். அந்த வெப்பத்தில் ஃபெரைட் ஆஸ்டெனைட்டைவிட மெத்து. உருமாற்றம் முழுவதும் அந்த மெல்லிய படலத்தில் போய்க் குவியும். விளிம்புகளிலும் பார்ட்டிங் லைன் (இரண்டு டைகளும் சேரும் கோடு) ஓரத்திலும் கீறல் விழுவது பெரும்பாலும் இதனால்தான். துண்டு உள்ளே 950 இருந்தாலும், டையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோல் 800-க்குக் கீழே போயிருக்கலாம். டையை 200 டிகிரி அளவுக்கு முன்சூடேற்றச் சொல்வதும், துண்டை டைமீது வைத்துவிட்டு ஆபரேட்டர் அங்கே இங்கே பார்க்கக்கூடாது என்பதும் அதற்காகத்தான்.

ஒரே துண்டுக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. டை முகத்தை ஒட்டிய நடுப்பகுதி உராய்வாலும் குளிர்ச்சியாலும் அசையாமல் நின்றுவிடும். அங்கே கிரெய்ன் பெரிதாகவே இருக்கும். ஃபிளாஷ் எனப்படும் உபரி எஃகு பிதுங்கி ஓடும் இடத்தில் மிக நுணுக்கமாக இருக்கும். மைக்ரோஸ்கோப்புக்குச் சாம்பிள் எடுக்கும்போது ஃபிளாஷ் ஓரத்தில் வெட்டி எடுத்து 'கிரெய்ன் நம்பர் 8', அதாவது நுணுக்கமான கிரெய்ன், என்று எழுதித் தருவது ஊரறிந்த தந்திரம்.

மிக மோசமான கிரெய்ன் எங்கே வருகிறது தெரியுமா? இரண்டாம் காய்ச்சலில். பாதி அடித்த துண்டு ஆறிவிட்டது என்று திரும்ப உலையில் தள்ளி, மறுபடி அதே 1250-க்குக் காய்ச்சி, ஒரு முனையை மட்டும் தட்டி அளவுக்குக் கொண்டுவருவார்கள். அடி விழாத மறுமுனை, முன்பு பெற்ற நுணுக்கத்தை முழுக்க இழந்து வெளியே வரும். இரண்டாம் காய்ச்சலில் மிச்சமுள்ள வேலை குறைவென்றால் வெப்பத்தையும் 1050 - 1100 அளவுக்குக் குறைக்க வேண்டும். அதேபோல ஹேமர் பழுதாகி நின்றாலோ, சாப்பாட்டு நேரமானாலோ, பில்லட்டுகளை 1250-ல் அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது. உலையை 1000-க்கு இறக்க வேண்டும். இன்டக்ஷன் ஹீட்டர் என்றால் சுருளுக்குள் உள்ளதை வெளியே தள்ளிவிட வேண்டும். கிரெய்ன் வளர்வதோடு, தோலில் கார்பன் எரிந்து போவதும், செதில் (ஆக்சைடு) கட்டுவதும் அந்த நேரத்தில்தான்.

1250-க்கும் மேலே போனால் இன்னொரு வகைக் கேடு. எஃகில் உள்ள மாங்கனீஸ் சல்ஃபைடு ஓரளவு ஆஸ்டெனைட்டில் கரைந்து, ஆறும்போது கிரெய்ன் எல்லைகளில் பொடிப்பொடியாகத் திரும்பப் படியும். உடைத்துப் பார்த்தால் முறிவு முகத்தில் கற்கண்டு போன்ற பட்டைகள் தெரியும். நார்மலைசிங் (மறுபடி காய்ச்சிக் காற்றில் ஆறவிடுதல்) செய்தாலும் இது எளிதில் போகாது. இன்னும் மேலே போய்க் கிரெய்ன் எல்லைகளே உருகத் தொடங்கி, காற்று உள்ளே புகுந்துவிட்டால் அது எரிந்த எஃகு. பொறி பறக்க வெளியே வரும். அதை எந்தச் சிகிச்சையாலும் மீட்க முடியாது. பழைய இரும்புக் குவியலுக்குத்தான் போக வேண்டும்.

பழைய இரும்பை உருக்கி வரும் பில்லட்டுகளில் செம்புத் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். மோட்டார் சுருளும் வயரும் கலந்த ஸ்கிராப்பிலிருந்து வரும் செம்பை எந்த உலையாலும் கழிக்க முடிவதில்லை. பில்லட்டைக் காய்ச்சும்போது இரும்பு செதிலாகப் போக, ஆக்சிஜனேற்றமடையாத செம்பு செதிலுக்கு அடியில் படலமாகத் தேங்கும். செம்பின் உருகுநிலை 1085 டிகிரி. உருகிய செம்பு ஆஸ்டெனைட் கிரெய்ன் எல்லைகள் வழியே உள்ளே ஊறும். அடி விழுந்ததும் தோல் முழுக்க மீன்வலை போல விரிசல். செம்பு 0.2 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும். வெள்ளீயமும் (டின்) சேர்ந்திருந்தால் அதற்குக் கீழேயே தொந்தரவு தொடங்கும். 'அடித்தவன் சரியில்லை' என்று பழி சுமத்தும் பல விரிசல்களுக்கு உண்மைக் காரணம் கொள்முதல் மேசையில் இருக்கிறது. டெஸ்ட் சர்டிபிகேட்டில் செம்பு, வெள்ளீயம் இரண்டும் தனித்தனியே இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு.

அடித்து முடித்தபின் ஆறவிடும் விதம் பற்றி ஒரு வார்த்தை. வெனேடியம் சேர்த்த 38எம்என்விஎஸ்6 போன்ற ரகங்களை அடித்த சூட்டிலேயே கட்டுப்பாடாக ஆறவிட்டு, கடினப்படுத்தும் செலவை மிச்சப்படுத்துகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் கன்வேயரில் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு ஆற வேண்டிய துண்டுகளை இரும்புத் தொட்டியில் குவியலாகக் கொட்டினால், நடுவில் உள்ளது மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும். ஓரத்தில் உள்ளது சீக்கிரம் ஆறும். ஒரே ஹீட் நம்பர், ஒரே டை, ஒரே ஷிஃப்ட், ஆனால் இரண்டு வேறு பொருள்! தொட்டியின் மேலிருந்து எடுத்த ஒன்றைச் சோதித்து லாட் முழுவதையும் பாஸ் செய்வது இங்கே பெருந்தவறு.

இதையெல்லாம் ஹார்ட்னெஸ் டெஸ்ட் காட்டிவிடுமே என்று கேட்கலாம். காட்டாது. கிரெய்ன் பெரிதான ஆஸ்டெனைட்டில் ஃபெரைட் முளைக்க இடம் குறைவு. அதனால் மாற்றம் தாமதித்து, ஃபெரைட்டைவிடக் கடினமான பெர்லைட்டின் பங்கு சற்றுக் கூடும். கடினத்தைக் காட்டும் பிரினெல் எண் குறைவதற்குப் பதில் ஓரிரு புள்ளி ஏறக்கூட ஏறும். ஆனால் சார்ப்பி தாக்குச் சோதனையில் தாங்குதிறன் வீழ்ந்திருக்கும். ஆக, ஹார்ட்னெஸ் மட்டும் பார்த்து வாங்கும் நிறுவனம், கெட்ட துண்டுக்கே நல்ல மதிப்பெண் போடும் நிலைகூட வரலாம்.

மைக்ரோஸ்கோப் பொய் சொல்லாது. தடித்த பகுதியின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பாலிஷ் செய்து, 2 சதவீத நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) சில விநாடி வைத்து, 100 மடங்கில் பாருங்கள். நன்றாக அடித்து முடித்த இஎன்-8-ல் வெள்ளை ஃபெரைட்டும் கறுப்புப் பெர்லைட்டும் சிறுசிறு திட்டுகளாகக் கலந்திருக்கும். சூடாகவே முடித்ததில், பெரிய கறுப்புத் தீவுகளைச் சுற்றி வெள்ளை வேலி ஓடும்; வேலியிலிருந்து உள்நோக்கி ஊசி ஊசியாக ஃபெரைட் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வேலிதான் பழைய ஆஸ்டெனைட் கிரெய்னின் எல்லை. அளக்கும் முறை இந்தியத் தரநிலை ஐஎஸ் 4748-ல் இருக்கிறது. எண் 5 என்றால் சராசரி சுமார் 64 மைக்ரான், 8 என்றால் சுமார் 22 மைக்ரான். எண் கூடினால் கிரெய்ன் சிறிது; தலைகீழாகப் புரிந்துகொண்டு வாதாடியவர்களும் உண்டு.

கிரெய்ன் பெரிதாகிவிட்டால் நார்மலைசிங் உண்டு. இஎன்-8-ஐ 850 - 880 டிகிரிக்குக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் புது ஆஸ்டெனைட், புது நுணுக்கம். பெரும்பாலான நோய்க்கு இதுவே மருந்து. ஆனால் எரிந்ததற்கும், செம்பு விரிசலுக்கும், தோலில் போன கார்பனுக்கும் மருந்தாகாது. டிராயிங்கில் எழுதியிருந்தும் செலவைக் குறைக்க இதை விட்டுவிடச் சொல்லும் வாடிக்கையாளரும் உண்டு. அப்படி விட்டால் கடைசி அடியின் வெப்பம் ஒன்றுதான் மிச்சமிருக்கும் காவல்.

வீடு கட்டுவோர் வாங்கும் டிஎம்டி கம்பியும் இதே கதைதான், ஆனால் வேறு வழியில். கடைசி உருளையை விட்டு ஆயிரம் டிகிரி அளவில் வரும் கம்பி, நீர்ப்பெட்டிக்குள் புகுந்து தோல் மட்டும் மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பாக மாறும். உள்ளே மிஞ்சிய சூடு வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்தும். நடு ஃபெரைட்டும் பெர்லைட்டுமாகவே இருக்கும். கம்பி முனையை வழவழப்பாகத் தேய்த்து நைட்டால் தடவினால் கருத்த வளையம் சுற்றிலும் ஒரே அகலத்தில் தெரிய வேண்டும். பிறை வடிவில் ஒரு பக்கம் மெலிந்திருந்தால் நீர்ப்பெட்டியின் நாசில் அடைத்திருக்கிறது என்று பொருள். தளத்தில் கேஸ் டார்ச் வைத்துப் பழுக்கக் காய்ச்சி வளைப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த வளையத்தை அந்த இடத்தில் அழித்துவிடுகிறார்கள்.

நம் நாட்டுப் பழைய உருக்கு பற்றியும் அக்கட்டுரை பெருமையாகச் சொல்லியிருந்தது. கொடுமணல், மேல்சிறுவளூர் போன்ற இடங்களின் தடயங்கள் பெருமைக்குரியவைதாம். ஆனால் அந்த மூசை (மண்குடுவை) உருக்கு கார்பன் 1.5 சதவீதம் அளவில் உள்ளது. 'எவ்வளவு சூடோ' என்ற விதி அதற்குத்தான் முதலில் பொருந்தாது. வெண்சூட்டுக்குக் கொண்டுபோய் அடித்தால் உதிர்ந்துவிடும். கார்பைடு முழுக்கக் கரையாத மிதமான சூட்டில் பல முறை காய்ச்சிக் காய்ச்சி அடித்ததால்தான் வாளில் அந்த நீரோட்டக் கோலம் நின்றது.

வெப்பம் அளப்பதில் ஓர் எச்சரிக்கை. கண்ணால் நிறம் பார்ப்பது காலை ஷிஃப்டுக்கும் நள்ளிரவு ஷிஃப்டுக்கும் வேறுபடும். கூரையில் வெயில் விழுந்தால் சூடான துண்டும் மங்கலாகவே தெரியும். பைரோமீட்டர் வைத்தாலும், உதிரும் நிலையில் உள்ள செதிலைப் பார்த்து அளந்தால் உண்மையைவிட 50 டிகிரிக்கு மேலும் குறைத்துக் காட்டக்கூடும். அதை நம்பி ஃபர்னஸைக் கூட்டுவார்கள், எஃகு வெந்துபோகும். கம்பித் தூரிகையால் செதிலைத் தட்டிவிட்டு அந்த இடத்தில் அளக்க வேண்டும். கடைசி அடி விழுந்து டையை விட்டு எடுத்தவுடன், டிரிம்மிங்குக்குப் போகும் முன், ஓர் அளவு எடுத்தால் போதும்.

வாங்குவோரிடம் நாங்கள் கேட்பது இதுதான். பர்ச்சேஸ் ஆர்டரில் ரசாயனக் கூறும் ஹார்ட்னெஸ்ஸும் எழுதும் இடத்தில் இன்னும் மூன்று வரி சேருங்கள்: கடைசி அடியின் வெப்பம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், கிரெய்ன் எண் எவ்வளவு, சாம்பிள் எந்த இடத்தில் வெட்ட வேண்டும். நார்மலைஸ் செய்யும் பாகம் என்றால் 5 முதல் 8 என்று எழுதலாம். அடித்த நிலையிலேயே பயன்படும் பாகம் என்றால் அதை அப்படியே கேட்க முடியாது, பட்டறையோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். குறைந்த வெப்பத்தில் முடிக்கச் சொன்னால் டை செலவு கூடும் என்பதையும் கணக்கில் எடுத்து, விலையில் அதற்கு இடம் கொடுங்கள். சாம்பிள் வெட்டும் இடத்தை டிராயிங்கிலேயே குறியுங்கள். ஃபிளாஷ் ஓரத்தில் வேண்டாம்.

இங்ஙனம்,
ஃபோர்ஜிங் தரக்கட்டுப்பாட்டுப் பணியினர் இருவர்,
கோயம்புத்தூர்.